அஞ்சு படி கீழே

அண்ணாச்சி, ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டீங்களே? அந்த வாய்ஸ் மெசேஜ ரெண்டு மடங்கு ஸ்பீடுல ஓட்டாதீங்க. உங்க வீட்டம்மாவா? பாவம், நிதானமா உக்காந்து, அரிசி தீந்து போச்சு, வரும்போது வாங்கிட்டு வாங்கன்னு சொல்லியிருக்காங்க. நீங்க ஓட்டுற ஓட்டத்துல மாட்டுச்சந்தையில ஏலம் விடுற மாதிரி கேக்குது. நான் ஒண்ணும் ஒட்டுக் கேக்கல. பக்கத்துல உக்காந்திருக்கேன், காது இருக்கு, கேக்குது. அதுவும் என் காது மத்தவங்க காது மாதிரி இல்ல. அத வச்சுத்தான் பொழப்பே ஓடுது.

ரயில்வே கேட்டு இப்போதைக்குத் தொறக்க மாட்டான். கூட்ஸ் ஒண்ணு வரணும், அது போனாத்தான் பஸ் டிரைவர் இன்ஜின ஸ்டார்ட் பண்ணுவாரு. மணி பதினொண்ணேகால் ஆகுதா? ஆகட்டும். எனக்கு ஒண்ணும் அவசரம் இல்ல. அவசரப்பட வேண்டியவங்க எல்லாம் வேன்ல முன்னாடியே போயிட்டாங்க.

நம்ம தொழில் என்னன்னா, அருப்புக்கோட்டை பஜார்ல டெய்லர் கடைக்கு மாடியில கனகவேல் சவுண்ட்ஸ்னு போர்டு பாத்திருப்பீங்க. கனகவேல் நான்தான். தெருவுல ஆட்டோ கத்திட்டுப் போகும்ல, மிக்ஸி ரிப்பேர், கிரைண்டர் ரிப்பேர், உப்பு, கோலமாவு, அதெல்லாம் நம்மகிட்ட ரெக்கார்டு பண்ணதுதான். ஆள வச்சுப் பேச வச்சு, கம்ப்யூட்டர்ல போட்டு, ஏத்தி எறக்கி, பின்னாடி கொஞ்சம் மேளத்தச் சேத்துக் குடுத்துருவேன். ஊர்ல எல்லாரும் அஞ்சு பொம்பளைங்க நம்ம கடையில பேசுறாங்கன்னு நெனச்சிட்டிருக்காங்க. அஞ்சு பேரும் என் சம்சாரம் தமயந்திதான். ரெண்டு படி ஏத்தினா டியூஷன் சென்டர் விளம்பரத்துப் பாப்பா. ஒரு படி எறக்கி மெதுவாக்கினா ஆஸ்பத்திரி நர்சம்மா. எல்லாம் நம்ம கைவேலை. அவ சும்மா பேசுவா, அவ்வளவுதான்.

படின்னா என்னன்னு கேக்குறீங்களா? ஆர்மோனியத்துல வெள்ளைக் கட்டை, பக்கத்துல கறுப்புக் கட்டை இருக்குல்ல, அதுலருந்து இதுக்கு ஒரு படி. அந்தக் காலத்து டேப்ல ஸ்பீடக் கூட்டினா குரலும் சேந்து மேல ஏறிரும். எலி மாதிரி கீச் கீச்சுன்னு வரும். இப்ப கம்ப்யூட்டர்ல ஸ்பீடு தனி, சுருதி தனி. எங்க சாஃப்ட்வேர்ல அதுக்கு ஒரு சின்னக் கட்டம் வச்சிருக்கான். டிக் போட்டா ஸ்பீடு மட்டும் கூடும், சுருதி நின்ன எடத்துலயே நிக்கும். டிக்க எடுத்துட்டா ரெண்டும் சேந்து ஏறும். கடுகு சைசு கட்டம் அண்ணாச்சி. அந்தக் கடுகுலதான் என் குடும்பம் ஆறு வருஷம் ரெண்டா நின்னுச்சு.

தமயந்திக்கு ஒரே ஒரு அண்ணன். பவுன்ராஜ். பஜார்ல பாத்திரக்கடை வச்சிருக்காரே, வியாபாரிகள் சங்கத் தலைவர், அவரேதான். நல்ல மனுஷன். நான் இல்லன்னு சொல்லல. ஆனா பேச ஆரம்பிச்சா முடிக்க மாட்டாரு. ஆறு வருஷத்துக்கு முன்னாடி பங்குனிப் பொங்கலுக்குச் சங்கத்து சார்பா ஒரு வரவேற்புரை. நம்ம கடையிலதான் ரெக்கார்டு பண்ணோம். "அன்பார்ந்த..." அப்படிம்பாரு. நிப்பாட்டுவாரு. தண்ணி குடிப்பாரு. "பெரியோர்களே..." அப்படிம்பாரு. பன்னெண்டு நிமிஷம். விழாக் கமிட்டியில ஆறு நிமிஷத்துக்கு மேல போடக் கூடாதுன்னுட்டாங்க. ஆகவேன்னு மட்டும் இருபத்திமூணு தடவ சொல்லியிருந்தாரு, அதையெல்லாம் வெட்டியிருக்கலாம். வெட்டினா ஏன் வெட்டினேம்பாரு. அதனால ஸ்பீட ரெண்டு மடங்காக்கினேன்.

டிக்கு போட மறந்துட்டேன்.

சரி, அப்படிப் பாக்காதீங்க. மறக்கல. போட்டேன், கேட்டேன், எடுத்துட்டும் கேட்டேன். எடுத்துட்டுக் கேட்டப்ப சிரிச்சுச் சிரிச்சு வயிறு வலிச்சிருச்சு. தனியா சிரிச்சா நல்லாவா இருக்கும்? ஊரும் சிரிக்கட்டும்னு அப்படியே குடுத்துட்டேன். ஒரு தடவதான் போடுவாங்கன்னு நெனச்சேன். சவுண்ட் செட்டுக்காரன் மூணு நாளும் போட்டுட்டான். அம்மன் சப்பரம் வருது, குழாய் ஸ்பீக்கர்ல எங்க மச்சான் சுண்டெலி மாதிரி "அன்பார்ந்த பெரியோர்களே"ன்னு கீச்சுறாரு. சாமி தூக்கினவங்களே தோளக் குலுக்கிச் சிரிச்சாங்க. அன்னிலருந்து பஜார்ல அவருக்குச் சுண்டெலின்னு பேரு. சங்கத் தலைவர் சுண்டெலி.

இதுக்குப் போயி ஒரு மனுஷன் ஆறு வருஷம் பேசாம இருப்பானா, நீங்களே சொல்லுங்க. ஊரே சிரிச்சுச்சு, ஊர் மேலயா கோவிச்சாரு? என் மேல கோவிச்சாரு. உன் வீட்டு வாசப்படிய மிதிக்க மாட்டேன்னு ஆள் விட்டுச் சொல்லிட்டாரு. வெளையாட்டு தெரியாத மனுஷன். மன்னிப்புக் கேளுங்கன்னு தமயந்தி சொன்னா. நான் எதுக்குக் கேக்கணும்? சிரிக்க வச்சதுக்கெல்லாம் மன்னிப்புக் கேட்டா ஊர்ல ஒரு பய சிரிக்க முடியாது.

ஆனா ஒரு சிக்கல். எங்களுக்கு ஒரே பிள்ளை, இதழினி. அப்ப அவ பத்து மாசக் குழந்தை. பொங்கல் முடிஞ்சதும் குலசாமி கோயில்ல காதுகுத்துன்னு நாள் குறிச்சிருந்தோம். தாய்மாமன் மடியில உக்கார வச்சுத்தான குத்தணும். மாமன் வர மாட்டேன்னுட்டாரு. தமயந்தியோட பெரியப்பா மகன் ஒருத்தன் இருக்கான், அவன் மடியில வச்சுக்கிடலாம்னு நான் சொன்னேன். எங்கண்ணன் உசுரோட இருக்கும்போது இன்னொருத்தர் மடியா, குத்தினா எங்கண்ணன் மடியிலதான், இல்லன்னா மூளிக் காதாவே இருக்கட்டும்னு சொல்லிட்டா. என் சம்சாரம் சத்தமே போட மாட்டா. மெதுவாச் சொல்லுவா. ஆனா சொன்னா சொன்னதுதான், எந்தப் பட்டனத் தட்டியும் மாத்த முடியாது.

ஆறு வருஷமா அந்தப் பிள்ளை காதுல ஒண்ணும் இல்ல. ஸ்கூல்ல சேத்தோம். பக்கத்துல இருந்த பிள்ளை, நீ பையனான்னு கேட்டிருக்கு. அழுதுட்டு வந்தா. மறுநாள் அவளே அவங்கம்மா பொட்டு அட்டையிலருந்து ரெண்டு பொட்ட எடுத்துக் காதுல ஒட்டிக்கிட்டுப் போனா. செவப்புப் பொட்டு. வேர்த்தா வழுக்கி விழுந்துரும். ஒரு காதுல இருக்கும், ஒரு காதுல இருக்காது. ஒரே ஊரு, நாலு தெரு தள்ளி மாமன் கடை. பிள்ளைக்கு மாமன போட்டோவுலதான் தெரியும். எனக்கு மட்டும் அது சந்தோஷமா? எனக்கும் சங்கடமாத்தான் இருந்துச்சு. ஆனா சொல்லிக்கிடல.

என்ன அண்ணாச்சி, தண்ணியா? குடிங்க, குடிங்க. எனக்கு வேண்டாம்.

அப்புறம் போன மாசம் எலெக்சன் வந்துச்சு. வார்டு கவுன்சிலர் எலெக்சன். எங்க வார்டுல ரெண்டே பேரு. ஒருத்தர் எங்க மச்சானோட சங்கத்துக்காரரு, கட்டில் சின்னம். எங்க மச்சான்தான் அவரத் தூக்கி நிறுத்தினது. இன்னொண்ணு ரெங்கநாயகின்னு ஒரு அக்கா, இஸ்திரிப்பெட்டி சின்னம். அந்தக்கா நம்மகிட்ட வந்துச்சு. தம்பி, பொம்பளை குரல் வேண்டாம், ஏற்கெனவே வேட்பாளர் பொம்பளை, கனத்த ஆம்பளைக் குரல்ல வேணும், நாளைக்குக் காலையில ஆட்டோ கெளம்பணும்னுச்சு. கனத்த ஆம்பளைக் குரலுக்கு நான் எங்க போவேன்? வழக்கமாப் பேசுற வாத்தியாருக்குத் தொண்டை கட்டிருச்சு. சரின்னு தமயந்தியப் பேசச் சொல்லி, அஞ்சு படி கீழ எறக்கி, ஸ்பீட ஒரு நூல் கொறச்சேன். கும்முன்னு வந்துச்சு. என்னைய நானே தட்டிக் குடுத்துக்கிட்டேன்.

வீடும் கடையும் ஒரே மாடிதான். சத்தமாப் போட்டுக் கேட்டுக்கிட்டு இருக்கேன். தமயந்தி அடுப்படியிலருந்து கரண்டியோட ஓடி வர்றா. குழம்பு சொட்டச் சொட்ட ஓடி வர்றா. வாசலப் பாக்குறா. மாடிப்படிய எட்டிப் பாக்குறா. "அண்ணன் வந்திருக்காகளா?"ங்கறா.

அப்பதான் எனக்கே ஒறச்சுச்சு. அச்சு அசல் பவுன்ராஜ் குரல். தங்கச்சி குரல அஞ்சு படி எறக்கினா அண்ணன். ஒரே வயித்துல பொறந்தவங்க இல்லையா, இருக்கும்தான? இவ்வளவு நல்ல காது வச்சிருக்கேன், எனக்குத் தெரியல பாருங்க. அவ கரண்டியப் புடிச்சுக்கிட்டு அப்படியே நின்னா. "இன்னொருக்க போடுங்க"ன்னா. போட்டேன். "இன்னொருக்க"ன்னா. எனக்குப் பெருமையா இருந்துச்சு. பன்னெண்டு வருஷத்துல என் வேலைய இவ்வளவு ரசிச்சு அவ கேட்டதே இல்ல.

மாத்தியிருக்கலாம். ஆறு படி, நாலு படின்னு வச்சா வேற யாரோ ஆகிருக்கும். ஆனா யோசிச்சுப் பாருங்க, கட்டிலுக்காக ஊரெல்லாம் அலையிற மனுஷன், அவர் குரலே இஸ்திரிப்பெட்டிக்கு ஓட்டுப் போடுங்கன்னு அவர் கடை வாசல் வழியாப் போகுது! இந்த மாதிரி ஒரு சந்தர்ப்பம் மறுபடி வருமா? கொண்டுபோயி ஆட்டோக்காரன் கையில குடுத்துட்டேன்.

ரெண்டு நாள் ஆட்டோ சுத்துச்சு. கட்டில்காரங்க எங்க மச்சானச் சுத்தி நின்னுக்கிட்டு, தலைவரே, இப்படிப் பண்ணிட்டீங்களேன்னு கேட்டிருக்காங்க. நான் இல்லய்யான்னு சொல்லியிருக்காரு. சொல்லும்போதே தெருவுல அவர் குரல் "உங்கள் பொன்னான வாக்குகளை"ன்னு போகுது. யாரு நம்புவா? தமயந்தி என்னன்னா, ஆட்டோ எங்க தெருவுக்கு வர்ற நேரத்துக்குச் சரியா வேலையப் போட்டுட்டு மாடிக் கைப்பிடியப் புடிச்சுக்கிட்டு நிப்பா. முக்கு திரும்பிப் போற வரைக்கும் நிப்பா. மத்தியானம் ஒருக்க, சாயங்காலம் ஒருக்க. அவ்வளவு பிடிச்சுப்போச்சு அந்த ரெக்கார்டிங்.

மூணாம் நாள் காலையில படியில தடதடன்னு சத்தம். மச்சான். கூட சங்கத்து ஆளுங்க ரெண்டு பேரு. வீட்டுக்குள்ள வரல. வாசல்லயே நின்னுக்கிட்டு, "ஏய், என் குரல எங்கேருந்துடா திருடின? ஆறு வருஷத்துக்கு முன்னாடி பேசுனத வெட்டி ஒட்டினயா?"ன்னு கேக்குறாரு. நான் சொன்னேன், மச்சான், இது உங்க குரலே இல்ல, உங்க தங்கச்சி குரல்னு. சங்கத்து ஆளுங்க சிரிச்சுட்டாங்க. நிரூபிச்சுக் காட்டுடாங்கறாரு. காட்டுறேன், உள்ள வாங்கன்னேன். கோவத்துல செருப்பக் கூடக் கழட்டாம உள்ள வந்துட்டாரு. வாசப்படிய மிதிக்க மாட்டேன்னவரு செருப்போடயே மிதிச்சுட்டாரு பாத்தீங்களா? அத நான் அப்பவே சொல்லிக் காட்டியிருப்பேன், தமயந்தி ஒரு பார்வை பாத்தா, விட்டுட்டேன்.

கம்ப்யூட்டர்ல ஏத்தினேன். ஒவ்வொரு படியா மேல ஏத்திக் காட்டுனா தங்கச்சி குரல் வந்துரும், அவ்வளவுதான் விஷயம். அவசரத்துல மேல போற அம்புக்குறிக்குப் பதிலா கீழ போற அம்புக்குறியத் தட்டிட்டேன். டக் டக் டக்னு மூணு தட்டு. இன்னும் மூணு படி எறங்கிருச்சு. கரகரன்னு ஒரு வயசான ஆள் குரல்ல "தாய்மார்களே"ன்னு வந்துச்சு.

அப்படியே நின்னுட்டாங்க அண்ணாச்சி, அண்ணனும் தங்கச்சியும். சிஸ்டம்தான் ஹேங் ஆயிருச்சோன்னு நான் மவுச ஆட்டிப் பாக்குறேன். மச்சான்தான் மொதல்ல பேசினாரு. "அப்பா"ன்னாரு. எங்க மாமனார் செத்து ஒம்பது வருஷம் ஆச்சு. எனக்கு எப்படித் தெரியும்? என்கிட்ட அவரு என்னைக்கு மெதுவாப் பேசினாரு, நான் குரல அடையாளம் கண்டுபிடிக்க? தமயந்தி முந்தானைய வாயில வச்சுக்கிட்டா. "நிப்பாட்டாத. ஓட விடு"ன்னாரு மச்சான். இஸ்திரிப்பெட்டிக்கு ஓட்டுப் போடுங்கன்னு மாமனார் கேக்குறாரு, கட்டில்காரரு கண்ணத் தொடச்சுக்கிட்டுக் கேக்குறாரு. மூணு தடவ ஓடுச்சு. சங்கத்து ஆளுங்க சத்தமில்லாம எறங்கிப் போயிட்டாங்க.

அப்புறமா மேல ஏத்தினேன். அஞ்சு படியில அண்ணன் ஆச்சு. அப்படியே ஒவ்வொண்ணா ஏத்தி, கடைசியில தங்கச்சி ஆச்சு. மச்சான் திரும்பித் தங்கச்சியப் பாத்தாரு. பொட்டு ஒட்டின காதோட கதவுக்குப் பின்னாடி நின்ன பிள்ளையப் பாத்தாரு. தமயந்தி செம்புல தண்ணி கொண்டாந்து குடுத்தா. குடிச்சாரு. செம்ப அண்ணாந்து கடைசிச் சொட்டு வரைக்கும் குடிச்சாரு.

இதோட முடிஞ்சிருக்கலாம்ல? முடியல. மடியில உக்கார வைக்கிறேன் தங்கச்சி, ஆனா ஒரு கண்டிசன்னாரு. என்னைக் கைகாட்டி, இவன் மன்னிப்புக் கேக்கணும், அதே ஆட்டோவுல, அதே தெருவெல்லாம் சுத்தணும், இவன் சொந்தக் குரல்ல கேக்கணும், ஏத்தக் கூடாது, எறக்கக் கூடாதுன்னாரு.

சொந்தக் குரல்ல.

நீங்க இவ்வளவு நேரமாக் கேட்டுக்கிட்டுத்தான இருக்கீங்க, நானாச் சொல்லணுமா? டிக்கெட் எடுக்கும்போது கண்டக்டரு, எந்தப் பிள்ளை பேசுதுன்னு சீட்டுக்குக் கீழ குனிஞ்சு பாத்தாரே. பேங்க்லருந்து போன் பண்றவன், மேடம், வீட்டுல சார் இருக்காங்களாம்பான். பத்தாங்கிளாஸ்ல எல்லாப் பயலுக்கும் குரல் ஒடஞ்சுச்சு, எனக்கு ஒடையல. இன்னி வரைக்கும் ஒடையல. இந்தத் தொழிலுக்கு எதுக்கு வந்தேங்கறீங்க? மொத மொதலா ஒரு கம்ப்யூட்டர் சென்டர்ல என் குரல நாலு படி எறக்கிக் கேட்டேன். இதுதாண்டா கனகவேலுன்னு தோணுச்சு. கடை விளம்பரத்துல "நான் உங்கள் கனகவேல்"னு வரும்ல, அது நாலு படி கீழ. பொண்ணு பாத்துட்டு வந்த பிறகு தமயந்திக்கு போனே பண்ண மாட்டேன், வாய்ஸ் மெசேஜ்தான். எல்லாம் நாலு படி எறக்கி. கல்யாணத்தன்னைக்கு மேடையில, கொஞ்சம் தள்ளி உக்காருன்னு நேர்ல சொன்னேன். திரும்பிப் பாத்தா. "தொண்டை கட்டியிருக்கா?"ன்னு கேட்டா. ஆமான்னேன். அதுக்கப்புறம் இந்தப் பன்னெண்டு வருஷத்துல ஒரு வார்த்தை அதப் பத்திப் பேசினதில்ல. அவளுக்குக் காதுல ஞானம் கொஞ்சம் கம்மி, கவனிச்சிருக்க மாட்டா.

ரெண்டு நாள் சோறு எறங்கல எனக்கு. பிள்ளை காது கண்ணுக்கு முன்னாடி நிக்குது. சரின்னு ஒக்காந்து பேசினேன். "பவுன்ராஜ் மச்சான் அவர்கள் குரலை நான் வேண்டுமென்றே..."ன்னு ஒரு நிமிஷம். போட்டுக் கேட்டேன். தாங்க முடியல. கொஞ்சூண்டு, ரெண்டே ரெண்டு படி எறக்கினேன். யாருக்குத் தெரியப் போகுது? அடுப்படியிலருந்து தமயந்தி, "அது யாரு பேசுறது?"ன்னா. நான்தான்னேன். "நீங்க இல்லயே"ன்னா. அவ்வளவுதான் சொன்னா. மறுபடி ரெண்டு படிய ஏத்தி வச்சுட்டேன்.

ஆட்டோ போச்சு. நானும் டிரைவர் பக்கத்துல உக்காந்து போனேன், அவன் நடுவுல நிப்பாட்டிரக் கூடாதுல்ல. பாத்திரக்கடை வந்துச்சு. மச்சான் வாசல்ல நிக்கிறாரு. குழாயில என் குரல். மொதல்ல மொறச்சாப்புல கேட்டாரு. அப்புறம் வாயப் பொத்தினாரு. அப்புறம் தோள் குலுங்குச்சு. கவுத்தி வச்சிருந்த அண்டா மேல உக்காந்து, வயித்தப் புடிச்சுக்கிட்டு, "யோவ், இதுதான்யா ஒரிஜினல் சுண்டெலி"ன்னு பஜாரே கேக்கச் சொல்லிச் சிரிச்சாரு. தக்காளி விக்கிறவ சிரிக்கிறா. டிரைவர் பய சிரிக்கிறான், வண்டி கோணக் கோணப் போகுது.

ஒரு மனுஷனோட குரலக் கேட்டு இன்னொரு மனுஷன் சிரிக்கலாமா அண்ணாச்சி? கடவுள் குடுத்த குரல். நானா செஞ்சேன்? பெரிய மனுஷன், சங்கத் தலைவர், கொஞ்சமாவது யோசிக்க வேண்டாமா, இவனுக்கு வலிக்குமேன்னு? அன்னிலருந்து நான் அவர்கூடப் பேசுறதில்ல. மூணு வாரம் ஆச்சு. வீட்டுக்கு வந்தாரு, மாப்ள மாப்ளன்னாரு. நான் கம்ப்யூட்டரத் திரும்பிப் பாத்து உக்காந்துட்டேன். நீங்க ஏன் வாயப் பொத்துறீங்க? இது வேற, அது வேற. அவர் குரல நான் மாத்தித்தான கேலி பண்ணேன். இவர் மாத்தாத குரலுக்குச் சிரிச்சாரு. அது எவ்வளவு பெரிய தப்பு.

இன்னைக்குத்தான் காதுகுத்து. ஆமா, இன்னைக்கேதான். சொக்கம்பட்டி விலக்குல எறங்கினா எங்க குலசாமி கோயில். பன்னெண்டு மணிக்குள்ள குத்தணும், புதன்கிழமை, அதுக்கு மேல ராகுகாலம். மச்சான்தான் வேன் பிடிச்சாரு. சீர்த்தட்டு, பட்டுப்பாவாடை, எல்லாம் அவர்தான். அந்த வேன்ல நான் ஏறுவேனா? நீங்க போங்க, நான் பஸ்ல வாரேன்னுட்டேன். நான் தகப்பன், நான் போகாம ஊசிய எடுப்பாங்களா? கொஞ்சம் காத்துக் கெடக்கட்டும், அந்த அருமை தெரியட்டும்னு தெரிஞ்சேதான் ஒரு பஸ்ஸ விட்டுட்டு இந்த பஸ்ல ஏறினேன். போன் அடிச்சுக்கிட்டே இருக்கு. நாலு தடவ கட் பண்ணிட்டேன்.

கூட்ஸ் போயிருச்சே, ஏன் இன்னும் தொறக்கல? எதிர்ல இன்னொரு வண்டியா? மணி என்ன? பதினொண்ணு நாப்பத்தெட்டா? வாச்சு சரியா ஓடுதா அண்ணாச்சி? எறங்கி நடந்தா மூணு மைலு.

மறுபடி அடிக்குது. பாருங்க, மச்சான் நம்பரு. எடுக்கவா? எடுக்கச் சொல்றீங்களா?

அலோ. ம். கேட்டுல நிக்குது. ... என்னது? கைய எடுக்க மாட்டேங்கறாளா? ரெண்டு காதையும் பொத்திக்கிட்டாளா? தமயந்தி சொன்னாலும் கேக்கலையா? ... ஆசாரி என்ன சொல்றாரு? ... இல்ல, இல்ல, இன்னொரு நாளைக்குத் தள்ள வேண்டாம். ஆறு வருஷம் தள்ளியாச்சு. ... என்னையக் கேக்குறாளா? நான் வரணுங்கறாளா? ... ஸ்பீக்கர்ல போடுங்க. நல்லாக் கேக்குற மாதிரி அவ பக்கத்துல புடிங்க.

பாப்பா! இதழு! அப்பாதாண்டா. அப்பா பேசுறேன். கேக்குதா? கேக்கலையா? அப்பாதாண்டா தங்கம்! ... ஏங்க, முன்னாடி பாட்டக் கொஞ்சம் நிப்பாட்டுங்க, புண்ணியமாப் போகும்! ... இப்பக் கேக்குதா? அழாத. அப்பா பஸ்ல இருக்கேன், கேட்டு போட்டுட்டான், வந்துட்டே இருக்கேன். கைய எடு. மாமா மடியில இருக்கயா? மாமா சட்டையக் கெட்டியாப் புடிச்சுக்க. மாமா விட மாட்டாரு. மாமா நல்லவருடா. வலிச்சா மாமாவக் கடிச்சுரு, அப்பா ஒண்ணும் சொல்ல மாட்டேன். ... சிரிக்கிறாளா? மச்சான், சிரிக்கிறாளா? ஆசாரியக் குத்தச் சொல்லுங்க! பாப்பா, அப்பா குரல மட்டும் கேளு. அப்பாகூட எண்ணு. ஒண்ணு. ரெண்டு. மூ...

அழு, அழு. சத்தமா அழு. ஒரு காது முடிஞ்சிருச்சு. இன்னும் ஒண்ணுதான். மறுபடி எண்ணுவோமா? ஒண்ணு. சொல்லு. ரெண்டு...

ம். ம். ரெண்டும் ஆயிருச்சா? ரத்தம் வரலையே? தமயந்தி என்ன பண்றா? ... சரி. சரி மச்சான். ... என்னது? ... கேட்டேன் மச்சான். வைங்க. வந்துர்றேன்.

மச்சான் சொல்றாரு அண்ணாச்சி, உன் குரலக் கேட்டதும்தான் மாப்ள, பிள்ளை கைய எடுத்தா, இங்க வேற யாரு சொல்லியும் எடுக்கலன்னு. சிரிக்காமச் சொல்றாரு.

பஸ்ஸே திரும்பிப் பாக்குது. பாக்கட்டும். யாரும் சிரிக்கக் காணோம். சிரிச்சாலும் பரவால்ல. மணி பதினொண்ணு அம்பத்தஞ்சு. நேரத்துக்குள்ள முடிஞ்சுபோச்சு. ஊசி வச்சப்ப அவ மூஞ்சி எப்படி இருந்துச்சுன்னு எனக்குத் தெரியாது. இனிமே ஒருக்காலும் தெரியாது. மொதப் பஸ்ஸ வேணும்னே விட்டேன் அண்ணாச்சி. வேன்ல ஜன்னலோரம் ஒரு சீட்ட மச்சான் எனக்குன்னு துண்டு போட்டு வச்சிருந்தாரு. என் ஒரே பிள்ளை காதுகுத்துக்கு என் குரல் மட்டும் போயிருக்கு, நான் இங்க உக்காந்திருக்கேன்.

கேட்டத் தூக்குறான். கால கொஞ்சம் மடக்குங்க அண்ணாச்சி, நான் இப்பவே போயி படிகிட்ட நின்னுக்கிடுறேன்.